மூன்று ஊருக்கு ஒரு தொட்டி

வெள்ளப்பாறையும் கருக்குவேலம்பட்டியும் தோணுகுளமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த ஊர்கள்தான் என்றாலும், ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுத்ததைத் தவிர வேறு எதையும் பங்கு வைத்துக்கொண்டதில்லை. ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஊருக்கு ஒரு மோட்டார், ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ஆபீஸ், அந்த ஆபீசுக்கு ஊருக்கு ஒரு பூட்டு என்று இருந்து வந்தன. கரண்ட் பில் கட்ட வழியில்லாமல் மூன்று மோட்டாரும் மாறி மாறி நின்றுபோன ஒரு கோடையில் ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரிகள், எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு மூன்று பேரும் பட்டினி கிடப்பதைவிட, மூன்று ஊருக்கும் ஒரு தொட்டி, ஒரு மோட்டார், திறந்துவிட ஒரே ஆள், குப்பை வண்டி ஒன்று, தெருவிளக்குப் பார்க்க ஒருத்தர் என்று சேர்த்துவிட்டால் செலவு மடமடவென்று இறங்கிவிடும் என்று சொன்னார்கள். கோவில் கொடைக்குக்கூட ஒன்று சேராத மூன்று ஊரும் அன்றைக்கு ஒரே நேரத்தில் தலையை ஆட்டின.

தோணுகுளத்துப் பாறைமேட்டில் பெரிய தொட்டி எழும்பியது. பழைய தொட்டிகளை இடித்துத் தள்ளினார்கள். தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளப்பாறை தங்கப்பழத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் வேலை தெரிந்தவர்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; ஆனால் அவருடைய மகள் பெல்சியைக் கருக்குவேலம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது கூட்டுக் குடிநீர்க் குழுத் தலைவர் மாசிலாமணியின் மகனுக்கு என்பதும் எல்லாருக்கும் தெரியும். தங்கப்பழத்தின் மனைவி செல்லக்கனி அன்றைக்கு ஆலயத்தில் முழங்கால் போட்டு, பிள்ளையையும் நல்ல இடத்தில் வைத்தீர், பிள்ளையின் அப்பாவுக்கும் வேலையை நிலைக்க வைத்தீர் என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். நாங்களும் ஆமென் சொன்னோம்.

புதுத் தொட்டித் தண்ணீர் வந்த பத்தாம் நாளோ என்னவோ, கருக்குவேலம்பட்டியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அன்றைக்கு மூன்று ஊர்க் குழாய்களிலும் தண்ணீர் உப்பாக வந்தது. பெரியவரைக் குழிக்குள் இறக்கி, வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் அழுது ஓய்ந்த பிறகு பழையபடி இனித்தது. வெள்ளப்பாறை டீக்கடை நெல்லையப்பன்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னான். "இது ஒண்ணுமில்லண்ணே, பக்கத்து ஊர்க்காரன் அழுதிருக்கான், நம்ம டீயில இறங்கிட்டு. ஒரே தொட்டின்னு ஆன பிறகு அப்படித்தான இருக்கும்?" கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆமா, அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அது எங்கள் அன்றாடங்களில் ஒன்றாகப் போய்விட்டது, வெயில் மாதிரி, கரண்ட் போவது மாதிரி. காலையில் குழாயைத் திறந்ததும் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உலையில் உப்புப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தோம். கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பி வைக்கிற நாளில் இலேசாக உப்பு வரும், ரசத்துக்கு அது போதும் என்று ருசி பார்த்தே விட்டுவிடுவோம். பரீட்சை முடிவு வருகிற நாளில் மத்தியானத்துக்குள் தெளிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் மிட்டாய்க்கு அழுகிற அழுகை தண்ணீரில் ஒட்டுவதே இல்லை. ஆம்பிளைகள் யாருக்கும் தெரியாமல் கண்மாய்க்கரையில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தால் உப்போடு கொஞ்சம் கசப்பும் சேர்ந்து வரும். அன்றைக்குப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வோம், கேட்க மாட்டோம். உப்பு வண்டிக்காரன் எங்கள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பேச்சியம்மாதான் தெருவில் நின்று கத்துவாள், "டாக்டர் எனக்கு உப்பே ஆகாதுங்கான், இந்த ஊர்க்காரியளுக்கு ஒரு நாளாவது அழாம இருக்க முடியலியா? உங்க கண்ணீரெல்லாம் என் ரத்தத்துலலா ஏறுது!"

மேலிடத்துக்கு எழுதிப் போட்டதில் ஒருத்தர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்து, உப்பு இருக்கிறது, ஆனால் வருவதற்கு வழி இல்லை என்று பதில் அனுப்பினார். மறுபடியும் ஊருக்கொரு தொட்டி கட்டித் தாருங்கள் என்று கேட்கலாமா என்று பேச்சு வந்தபோது மாசிலாமணிதான் எழுந்து, "சேத்ததப் பிரிச்சா மிச்சம் புடிச்சதெல்லாம் போயிரும், கொடுத்த நிதியையும் திரும்பக் கேப்பான், தொட்டியப் பிரிக்கதவிட அழுகையக் குறைக்கது லேசு" என்றார். அது எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. துக்கம் விழுந்த வீட்டுக்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டி, நாலுவழிச் சாலை ஓரத்தில் இருக்கிற புளியமரத்தடிக்குப் போய் அழுதுவிட்டு வரவேண்டும் என்று முடிவாயிற்று. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் மாரடித்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பினார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். பெற்றவளுக்காக நிம்மதியாக ஒரு பாட்டுக்கூட பாட முடியவில்லை என்று ஒருத்தி வந்து சொன்னபோது, தண்ணீர் நன்றாக இருக்கிறதே தாயீ என்று நாங்கள் அவளைத் தேற்றினோம். அப்படி ஒரு காலம் நடந்தது.

ஆவணி பிறந்ததிலிருந்து தண்ணீர் தினமும் உப்பாக வரத் தொடங்கியது. ஊரில் சாவு இல்லை. கல்யாணம் இல்லை. காலையில் கருக்குவேலம்பட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்தில் உப்பு ஏறும், பொழுது சாயும்வரை இறங்காது. முதலில் ரசத்துக்கு உப்புப் போடுவதை விட்டோம், பிறகு குழம்புக்கு விட்டோம், பிறகு சோறே தொண்டையில் இறங்காமல் போயிற்று. அவரைக்கொடி கருகியது. மாடுகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டன.

செல்லக்கனி முதல் நாளே அந்தத் தண்ணீரை வாயில் விட்டுவிட்டு, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயடியிலேயே நின்றாள். பெல்சி சின்ன வயதில் காய்ச்சல் கண்டு கிடந்தபோதெல்லாம் அவள் கன்னத்தில் முத்தி முத்தி அந்தக் கண்ணீரைத் தன் வாயில் வாங்கியவள் அவள்; பெற்ற நாலு பிள்ளைகளில் ஒன்றின் உப்பு இன்னொன்றின் உப்பைப்போல இருந்ததில்லை. உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கியா மக்கா?"

"நல்லா இருக்கேம்மா."

"மாப்பிள்ளை?"

"இருக்காவ."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. பாத்திரம் கெடக்கு, வச்சிரட்டா?"

மறுநாளும் அதே உப்பு. அதற்கு மறுநாளும். செல்லக்கனி ஜெபத்தில் உட்கார்ந்தால் வார்த்தை வராமல், ஆண்டவரே, ஆண்டவரே என்பதோடு நின்றுபோனது. புருஷனிடம் சொன்னபோது தங்கப்பழம் செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லா வீட்லயும் உள்ளதுதான். நீ ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசி வச்சிராத. என் சோலி நம்ம சம்பந்தி கையில இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போய்விட்டார்.

குழு கூடி, எந்தத் தெருவிலிருந்து உப்பு ஏறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தங்கப்பழத்துக்கே உத்தரவு போட்டது. அவர் ஆள் உயரத்துக்கு இருக்கிற வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, நாளைக்கு ஒரு தெருவாக அடைத்துப் பார்த்தார். கீழத்தெருவை அடைத்தார், உப்பு நிற்கவில்லை. கடைத்தெருவை அடைத்தார், நிற்கவில்லை. பெல்சி வாழ்க்கைப்பட்டிருந்த கருக்குவேலம்பட்டி சர்ச் தெருவை அடைத்த அன்று மூன்று ஊரிலும் தண்ணீர் கற்கண்டாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "குழாய் ஓடுத சத்தத்துலதான் அழுதா போல. அடைச்சதும் அதுவும் இல்லாமப் போச்சு" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். செல்லக்கனி அந்தத் தட்டை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சர்ச் தெருவில் மாசிலாமணி வீட்டையும் சேர்த்து இருப்பது கொஞ்ச வீடுகள்தான். குழுக்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள், தலைவர் வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. அங்கே என்ன குறை, ஏசி இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது, அழுவதற்கு அங்கே யாருக்கு நேரம் என்று வாசலோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். கடைசியில் தலைவர் வீட்டுக்குச் சுவரை ஒட்டின வீட்டில் இருக்கிற ரெத்தினபாய்தான் என்று முடிவு செய்தார்கள். அவள் தாலியறுத்தவள், ஒற்றை மகன் துபாயில் இருக்கிறான், தனியாக இருக்கிறாள். அழுவதற்கு அவளைவிடத் தோதான ஆள் வேறு யார்?

"நான் எங்கப்பா அழுதேன்? நான் நாடகம் பாத்துக்கிட்டு, முறுக்கு தின்னுக்கிட்டு, நான் பாட்டுக்கு இருக்கேன்!" என்று அவள் சத்தம் போட்டாள். யாரும் அவளிடம் முகம் சுளிக்கவில்லை. புதுச் சேலை எடுத்துக் கொடுத்து, பழம் வாங்கிக் கொடுத்து, மகராசியாக அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று அன்பாகப் பேசி, வேனில் ஏற்றிக் கோவில்பட்டிக்கு அனுப்பி வைத்தார்கள். வேன் வெள்ளப்பாறைக்குப் பிரிகிற விலக்கில் டீசல் போட நின்றபோது, கும்பலில் நின்ற செல்லக்கனியை ரெத்தினபாய் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"செல்லக்கனி, பக்கத்துல வாளா. உனக்குத் தெரியாதுன்னு நீ சொன்னா நான் நம்ப மாட்டேன். உன் மருமகன் கையை ஓங்குனான்னா அவ மாமியா டிவி சத்தத்தக் கூட்டுவா. அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. காலையில அந்தப் பிள்ளை அடுப்படிக் குழாயத் தொறந்து விட்டுட்டு நிக்கும். நான் செவுத்துக்கு மேல கைய நீட்டுவேன், அது என் கையப் பிடிச்சுக்கிட்டே பாத்திரம் தேய்க்கும், ஒத்தக் கையால. இனிமே அது யாரு கையப் பிடிக்கும்?"

வேன் போய்விட்டது. செல்லக்கனி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. கடல் தண்ணீர் தேவலாம் என்று ஆகிவிட்டது. கேன் தண்ணீர் வாங்க வசதி இருந்தவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் அதையே வடிகட்டிக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. காந்தி ஜெயந்திக் கிராமசபை மூன்று ஊருக்கும் சேர்த்துத் தொட்டிக்குக் கீழேயே நடந்தது. அதையும் சேர்த்துத்தான் நடத்த வேண்டும், பந்தல் செலவு மிச்சம். ஆண்கள் நாற்காலியில் இருந்தார்கள், நாங்கள் தார்ப்பாயில் இருந்தோம். மாசிலாமணி கும்பிட்டுவிட்டுப் பேசினார்.

"ஒரு ஆள் கண்ணுல வடியுத தண்ணிக்கு மூணு ஊரும் தவிச்சுக்கிட்டுக் கெடக்கோம். யாருன்னு தெரிஞ்சவிய சொல்லிருங்க. சண்டைக்கு இல்ல. ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவோம், வெளியூர்ல கொஞ்ச நாள் வச்சிருப்போம். இல்லேன்னா சர்ச் தெருவுக்கு மொத்தமா வால்வை அடைக்கதத் தவிர வேற வழி இல்ல."

செல்லக்கனி எழுந்தாள். ஆலயத்தில் சாட்சி சொல்லக்கூட எழுந்திருக்காதவள் அவள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசினாள், பந்தல் கடைசிவரை கேட்டது.

"அண்ணாச்சி, தெருத் தெருவாத் தேட வேண்டாம். உங்க அடுப்படிக் குழாயப் போய்ப் பாருங்க. எம் பிள்ளைதான் அழுதுக்கிட்டு இருக்கா."

மாசிலாமணி சிரிக்கப் பார்த்தார். "தங்கச்சி, என்ன பேச்சு இது? வீட்டு விஷயத்தச் சபையில வச்சுக்கிட்டு? ராணி மாதிரி வச்சிருக்கோம் அவள."

"ராணி எதுக்கு அண்ணாச்சி குழாயத் தொறந்துவிட்டு அழணும்?"

நாற்காலியிலிருந்து ஒருத்தர் கேட்டார், "அது உன் மகதான்னு எப்படிம்மா சொல்லுத? உப்பு யாரு அழுதாலும் உப்புதான?"

"பெத்தவளுக்குத் தெரியும். வாயில விட்டு, உடனே முழுங்கிராம, கொஞ்ச நேரம் நாக்குல வச்சுப் பாருங்க. பிள்ளைய வளத்தவியளுக்குத் தெரியும்" என்றாள் அவள், தார்ப்பாயில் இருந்த எங்களைப் பார்த்து.

பிறகு பேச்சு கிளம்பியது, எல்லாம் நல்ல மனதோடு கிளம்பிய பேச்சுதான். அந்தப் பிள்ளை பாவம் என்றார்கள். புருஷன் பெண்சாதிக்குள் இதெல்லாம் உண்டு என்றார்கள். சென்னையில் அவள் அண்ணன் இருக்கிறானே, அங்கே அனுப்பிவிட்டால் அங்கே பெரிய தொட்டி, தெரியாது என்றார்கள். வெள்ளப்பாறைக்குக் கூட்டி வந்தாலும் இதே தொட்டிதானே, பிரயோஜனம் இல்லை என்றார்கள். அவள் மேல் கை வைத்தவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மாசிலாமணி தங்கப்பழத்தின் பக்கம் திரும்பினார். "மச்சான், உம்ம வீட்டு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போரும். உம்ம வேலைக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

தங்கப்பழம் மெதுவாக எழுந்து, பந்தல் காலில் சாய்த்து வைத்திருந்த வால்வுச் சாவியை எடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மேடை மேசையில் சரிகைத் துணியின் மேல், காந்தி படத்துக்கு முன்னால் வைத்தார். பூச்சாடி உருண்டு கீழே விழுந்தது. "சர்ச் தெருவ அடைச்சது நான்தான். என் கையாலதான் அடைச்சேன்" என்று சொன்னார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு செல்லக்கனியிடம், "வாளா, போவோம்" என்றார்.

இரண்டு பேரும் வெயிலில் கருக்குவேலம்பட்டிக்கு நடந்தே போனார்கள். பெல்சி அடுப்படியில் நின்றிருந்தாள். முழங்கையில் பச்சையும் மஞ்சளுமாகப் பழைய காயம். மாமியார் சோபாவில் இருந்தாள், எழுந்திருக்கவில்லை. மருமகன் மாடியிலிருந்து இறங்கி வந்து பாதிப் படியில் நின்றுகொண்டான்.

"வா மக்கா" என்றாள் செல்லக்கனி.

"அம்மா, பாத்திரம் கழுவாமக் கெடக்கும்மா."

"கெடக்கட்டும்."

"குழாயவாது அடைச்சிட்டு வாரேன்."

தங்கப்பழம் உள்ளே போய்க் குழாயை அடைத்தார். மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

மறுநாள் காலையில் வெள்ளப்பாறையில் எங்கள் தெருவில் எல்லாரும் குடத்தோடு சீக்கிரமே வந்து நின்றோம். வேலையை விட்டு அனுப்பப்பட்டிருந்த தோணுகுளத்து ஆளை மாசிலாமணி திரும்பக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார். தண்ணீர் இருமிக்கொண்டு வந்தது. பேச்சியம்மா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"உப்பு! பாத்தியா? இங்க வந்தும் அழுதுக்கிட்டுதான இருக்கா? செல்லக்கனி, உன் மவளைக் கொண்டுபோய்..."

"எம் பிள்ளை தூங்குதா" என்றாள் செல்லக்கனி. வாசலில் நின்று கதவைக் காட்டினாள். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே பாயில் பெல்சி வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

செல்லக்கனி வந்து குழாயில் ஒரு கை பிடித்து வாயில் விட்டு வைத்திருந்தாள். தலையை அசைத்தாள். "இது அவ இல்ல. இது வேற யாரு பிள்ளையோ. ஒண்ணு மட்டும் இல்ல, ரெண்டு மூணு இருக்கு. இத்தன நாளும் அடக்கி வச்சிருந்ததுக இப்பத்தான் அழுதிருக்கு."

பேச்சியம்மா வாயை மூடினாள். அவளுக்கு இரண்டு மகள்கள் தோணுகுளத்தில். இரண்டு பேரும் நல்லா இருக்கோம்மா என்றுதான் எப்போதும் சொல்வார்கள். அவள் குனிந்து இன்னொரு கை அள்ளினாள், இந்தத் தடவை துப்பவில்லை. கன்னம் உப்பிக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் குடம் நிறைந்து வழிந்து தெருவில் ஓடியது, யாரும் அதை எடுக்கவில்லை. பிறகு அவள் திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, நிலைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் குழாயடியில் நின்ற ஒவ்வொருத்தியும் குனிந்தோம்.

அன்றைக்குக் கருக்குவேலம்பட்டி வழியாகத் தோணுகுளம் போகிற முதல் பஸ்ஸில் உட்கார இடமில்லை, நிற்கவும் இடமில்லை. "என்னக்கா, எந்த ஊர்ல கொடை, இம்புட்டுப் பொம்பளையாள்?" என்று கண்டக்டர் பையன் கேட்டான். எங்கள் வாயில் இன்னும் அந்தத் தண்ணீர் இருந்தது.